தேனீக்கள் காப்பாற்றிய விஞ்ஞானி: கார்ல் வான் ஃபிரிஷ் தன்னுடைய 20 வருடத் தவறைக் கண்டுபிடித்தது எப்படி?

1941. ஜெர்மனியின் முனிச் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய அம்மாவின் அம்மா யூத வம்சாவளி. அதனால் நாஜி சட்டக் கணக்குப்படி அவர் கால்வாசி யூதர். பதவியில் நீடிக்க முடியாது, ஓய்வு பெற வேண்டும் என்பதுதான் கடிதத்தின் சாரம். அப்போது அவருக்கு வயது 54.

அவருக்காக நண்பர்களும் சக ஆய்வாளர்களும் அரசுக்கு எழுதிப் பார்த்தார்கள். ஆனால் கடைசியில் கைகொடுத்தது ஒரு நோய்.

தேனீயின் குடலில் வளரும் நோசிமா என்ற நுண்ணுயிரி அந்த வருடங்களில் ஜெர்மனியில் பல லட்சம் தேனீக் கூட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. தேன் போனால் போகட்டும் என்று விட முடியாது. மகரந்தச் சேர்க்கை நடக்காவிட்டால் பழமும் எண்ணெய் வித்தும் விளையாது. போர்க்காலத்தில் அது நேராக சாப்பாட்டுப் பிரச்னை. இதைப் பற்றி ஆராய அந்த நாட்டில் ஃபிரிஷை விடத் தகுதியான ஆள் இல்லை. எனவே அவருடைய பணிநீக்கம் போர் முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது. ரத்து செய்யப்படவில்லை, தள்ளிவைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

இந்த இடைவெளியில்தான், தான் 20 வருடங்களாகச் சொல்லி வந்தது தவறு என்பதை அவர் கண்டுபிடித்தார்.

யார் இந்த ஃபிரிஷ்?

1886 நவம்பர் 20-ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பா அறுவை சிகிச்சை மருத்துவர். தாய்மாமன் சிக்மண்ட் எக்ஸ்னர், பூச்சிகளின் கண்களை ஆராய்ந்த உடலியல் அறிஞர். சின்ன வயதில் ஃபிரிஷ் வீட்டில் வளர்த்த உயிரினங்களின் வகை மட்டுமே நூறைத் தாண்டும். வீட்டில் இருந்தவர்களின் பொறுமையையும் பாராட்டத்தான் வேண்டும்.

மருத்துவம் படிக்கச் சேர்ந்து, பாதியில் விலங்கியலுக்கு மாறினார். 1910-ல் முனைவர் பட்டம். அதன்பின் மீன்களுக்கு நிறம் தெரியுமா என்று ஆராய்ந்தபோது முதல் மோதல் வந்தது. முனிச்சில் கார்ல் வான் ஹெஸ் என்ற பெரிய கண் மருத்துவர் இருந்தார். மீன்களுக்கும் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் நிறமே தெரியாது என்பது அவர் முடிவு. வெளிச்சத்தை நோக்கி ஓடும் விலங்குகளை வைத்து அவர் சோதித்திருந்தார்.

ஃபிரிஷ் யோசித்தது வேறு மாதிரி. பூக்களின் நிறம் பூச்சிகளுக்காக இல்லையென்றால் யாருக்காக? தப்பி ஓடும் தேனீ நிறத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். பசியோடு வரும் தேனீயிடம் கேட்டால்? ஒரு மேஜையில் நீல அட்டை ஒன்றையும், அதைச் சுற்றி வெவ்வேறு அடர்த்தியில் சாம்பல் நிற அட்டைகளையும் வைத்தார். நீலத்தின் மேல் மட்டும் சர்க்கரைத் தண்ணீர். தேனீக்கள் பழகிய பிறகு அட்டைகளின் இடத்தை மாற்றி, சர்க்கரைத் தண்ணீரையும் எடுத்துவிட்டார். தேனீக்கள் நிறத்தைப் பார்க்காமல் வெளிச்ச அளவை மட்டும் பார்த்திருந்தால், ஏதாவது ஒரு சாம்பல் அட்டையோடு நீலத்தைக் குழப்பியிருக்க வேண்டும். குழப்பவில்லை. நேராக நீலத்துக்கே வந்தன. சிவப்பை மட்டும் அடர் சாம்பலோடு குழப்பிக்கொண்டன. 1914-ல் இது வெளியானது.

இங்கே இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். தேனீக்களின் நிறப் பார்வை பற்றி 1910-லேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் ஹென்றி டர்னர் சோதனை செய்து வெளியிட்டிருந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர் அவர். வேலை பார்த்தது உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக. சாம்பல் அட்டைகளை வைத்து வெளிச்ச அளவைக் கழித்துக் காட்டியது ஃபிரிஷின் பங்கு. ஆனாலும் வரலாறு ஒருவரை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டது.

மீனுக்குக் காது கேட்குமா என்ற சண்டையிலும் ஃபிரிஷின் வழி இதேதான். ஒரு சிறு கெளுத்தி மீனுக்கு ஒவ்வொரு முறை உணவு தரும்போதும் விசில் அடித்தார். சில நாட்களில் உணவே இல்லாமல் விசில் அடித்தாலும் மீன் பதுங்கிடத்திலிருந்து வெளியே வந்தது. 1923-ல் இதை வெளியிட்டார். பார்த்து வருகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அந்த மீனின் கண்களை அவர் அகற்றியிருந்தார். இன்றைக்கு இதற்கு அனுமதி கிடைப்பது சந்தேகம்தான்.

நடனத்தில் நடந்த தவறு என்ன?

1919-ல் கண்ணாடிச் சுவர் வைத்த கூட்டில் ஒரு காட்சியைப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் திரும்பிய தேனீ அடையின் மேல் வட்ட வட்டமாகச் சுற்றியது. மற்ற தேனீக்கள் அதைத் தொட்டுப் பின்தொடர்ந்தன. பிறகு வெளியே பறந்தன. தன் வாழ்க்கையின் மிக முக்கியமான காட்சி அது என்று அவரே பின்னாளில் கருதினார்.

இன்னொரு வகை நடனமும் இருந்தது. தேனீ உடலை வேகமாக அசைத்தபடி ஒரு நேர்கோட்டில் ஓடும், அரை வட்டம் அடித்துத் திரும்பும், மறுபடி ஓடும், அடுத்த பக்கம் திரும்பும். மொத்தத்தில் 8 போல ஒரு வடிவம். மகரந்தம் கொண்டு வந்த தேனீக்கள் இதை ஆடின. 1920-களில் ஃபிரிஷ் வந்த முடிவு: வட்ட நடனம் என்றால் தேன், எட்டு வடிவ நடனம் என்றால் மகரந்தம்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சர்க்கரைத் தண்ணீரைக் கூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். மகரந்தம் சேகரித்த தேனீக்களோ தூரத்திலிருந்த நிஜப் பூக்களுக்குப் போய் வந்தன. உணவும் மாறுகிறது, கூடவே தூரமும் மாறுகிறது. அவர் கவனித்தது உணவை மட்டும். எக்ஸெலில் இரண்டு பத்திகள் சேர்ந்தே ஏறி இறங்குவதைப் பார்த்து ஏமாந்த யாருக்கும் இந்தப் பொறி புரியும்.

1944-ல் அவர் ஆஸ்திரியாவில் வுல்ஃப்காங் ஏரிக்கரையிலிருந்த புருன்விங்கிள் என்ற குடும்ப வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முனிச்சில் அவருடைய வீடும், ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நிதியில் எழுந்த ஆய்வகமும் குண்டுவீச்சுக்கு இலக்காகியிருந்தன. தேனீக்களை வேண்டிய பயிருக்கு அனுப்ப முடியுமா என்ற போர்க்காலக் கேள்விக்காக, உணவுத் தட்டை இந்த முறை தூரத்தில் வைத்தார். திரும்பி வந்த தேனீக்கள் கொண்டு வந்தது சர்க்கரைத் தண்ணீர்தான். ஆடியதோ எட்டு வடிவ நடனம்.

அப்போ நடனம் சொல்வது உணவின் வகையை அல்ல, தூரத்தை. பக்கத்தில் என்றால் வட்டம். தள்ளிப் போனால் எட்டு. தூரம் கூடக் கூட நடனத்தின் வேகம் குறைந்தது: 100 மீட்டர் என்றால் 15 விநாடியில் 9, 10 சுற்று; 6 கிலோமீட்டர் என்றால் 2 சுற்றுதான்.

1945-ல் திசையும் பிடிபட்டது. கூட்டுக்குள் இருட்டு, அடை செங்குத்தாகத் தொங்குகிறது. அங்கே சூரியன் எங்கே என்று எப்படிக் காட்டுவது? தேனீக்கள் மேல்நோக்கிய திசையையே சூரியனாக வைத்துக்கொள்கின்றன. நேர்கோட்டு ஓட்டம் மேல்நோக்கி இருந்தால் சூரியன் இருக்கும் திசையில் போ. இடதுபுறம் 40 டிகிரி சாய்ந்திருந்தால் சூரியனுக்கு இடதுபுறம் 40 டிகிரியில் போ. ஒரு பூச்சி, தான் போய் வந்த இடத்தை, அங்கே இல்லாத இன்னொன்றுக்குக் குறியீட்டால் சொல்கிறது. மனிதனுக்கு மட்டுமே இது சாத்தியம் என்று நம்பிய காலம் அது.

20 வருடமாகத் தன் பெயரிலேயே பாடப்புத்தகங்களில் இருந்த விளக்கத்தை ஃபிரிஷ் தானே திருத்தி வெளியிட்டார். என் கணக்கில் அவருடைய மிகப் பெரிய வேலை இதுதான்.

அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950-களில் இலங்கைக்கு வந்து ஆசியத் தேனீக்களை ஆராய்ந்தார். நம் ஊர்ப் பக்கமும் பார்க்கக் கிடைக்கும் கொம்புத்தேனீ, அடையின் மேல்பரப்பில் திறந்தவெளியில் ஆடுகிறது. அதற்குச் சூரியனை மேல்நோக்கி மொழிபெயர்க்கத் தேவையில்லை. உணவு இருக்கும் பக்கம் நேராகவே ஓடிக் காட்டிவிடுகிறது.

நோபலும் ஒரு சங்கடமும்

1973-ல் மருத்துவ நோபல் பரிசு மூன்று பேருக்குப் பகிர்ந்து தரப்பட்டது. கால்வாசி யூதர் என்று பதவியிழக்க இருந்த ஃபிரிஷ். நாஜிகளின் பிணைக்கைதியாக முகாமில் அடைக்கப்பட்ட நெதர்லாந்துக்காரர் நிக்கோ டின்பெர்கன். 1938-ல் நாஜி கட்சியில் சேர்ந்த கொன்ராட் லோரன்ஸ். விலங்குகளின் நடத்தையை ஒரு அறிவியலாக நிறுவியவர்கள் என்று மூவருக்கும் ஒரே பரிசு.

அந்த நேரத்தில் ஃபிரிஷின் கண்டுபிடிப்பே சந்தேகத்தில் இருந்தது. தேனீக்கள் வாசனையை மட்டும் வைத்தே உணவைத் தேடிப் போகின்றன, நடனத்தை யாரும் படிப்பதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் அட்ரியன் வென்னர் 1967 முதல் வாதாடி வந்தார். வாசனையின் பங்கை ஃபிரிஷ் ஒருபோதும் மறுத்ததில்லை. ஆனால் வாசனையையும் நடனத்தையும் தனியாகப் பிரித்துக் காட்டும் பொறுப்பு அடுத்த தலைமுறைக்குப் போனது. ஃபிரிஷ் 1982 ஜூன் 12-ல், 95 வயதில், முனிச்சில் காலமானார்.

2005-ல் பிரிட்டனில் ஒரு குழு, நடனத்தைப் பின்தொடர்ந்த தேனீக்களின் முதுகில் சிறு கருவி ஒட்டி ரேடாரில் கண்காணித்த முடிவுகளை வெளியிட்டது. சில தேனீக்களைக் கூட்டை விட்டுக் கிளம்பும்போதே பிடித்து, வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இடம் மாறியது தேனீக்களுக்குத் தெரியாது. நடனம் சொன்ன அதே திசையில், கிட்டத்தட்ட அதே தூரம் பறந்து, உணவே இல்லாத ஒரு வெற்று இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே சுற்றிச் சுற்றித் தேடின.