பாளையங்கோட்டைக் கிளாரிந்தா அம்மையார்

பிறந்த மண்ணை விட்டு வந்தவர், வந்த மண்ணில் வேரூன்றிப் பிறர்க்கு நிழல் தருதல் அரிய செயலாகும். குஷாய்குடாவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு இதனைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வேற்றுமொழி பேசும் குலத்தில் தோன்றி, தென்பாண்டிச் சீமையில் ஒரு தமிழ்ச் சபைக்குத் தாயாய் விளங்கிய மாதரசி ஒருவரின் வரலாற்றைச் சமய வேற்றுமை கருதாது ஈண்டு நினைவுகூர்வோம்.

அவர்தம் இயற்பெயர் கோகிலா என்பர். 18-ஆம் நூற்றாண்டில், தஞ்சையில் மராட்டிய மன்னர் ஆண்ட நாளில், அவ்வரசின் சேவையிலிருந்த மராட்டிய அந்தணர் ஒருவரை மணந்து, இளமையிலேயே கணவரை இழந்தார். அந்நாளில் கைம்பெண்ணின் வாழ்வு எத்தகையது என்பதை விரிக்க வேண்டா. அந்நிலையில் அவரை ஏற்றுக்கொண்டவர் லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. உடன்கட்டைத் தீயினின்று மீட்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அ. மாதவையா 1915-இல் ஆங்கிலத்தில் இயற்றிய நாவல் அவ்வம்மையார் பெயரைப் படித்தோரிடையே பரப்பியது.

லிட்டில்டன் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். கிறிஸ்து சமயக் கொள்கைகளையும் போதித்தார். அம்மையாரின் உள்ளம் அந்நெறியில் தோய்ந்தது. தஞ்சையில் தொண்டாற்றி வந்த சுவார்ட்சு பாதிரியாரை அணுகி ஞானஸ்நானம் வேண்டினார். முறைப்படி மணம் புரியாது அதிகாரியுடன் வாழ்ந்தமையால் பாதிரியார் மறுத்துவிட்டார். பிறந்த குலமும் விலக்கிற்று. நாடிய சபையும் வாயில் திறக்கவில்லை. இரு கரைக்கும் அந்நியமாய் நின்ற அம்மையார், தம் நம்பிக்கையை மட்டும் கைவிட்டாரில்லை.

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது அம்மையாரும் உடன் சென்றார். படைவீரர் இல்லத்தரசியர்க்கு ஓர் ஊர் நிலையன்று; ஆணை வந்தால் மூட்டை கட்ட வேண்டியதே. நோயுற்ற அவருக்குப் பணிவிடை செய்து, அவர் மறைந்தபின் மீண்டும் தனியரானார். 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்சு, முன்பு மறுத்த ஞானஸ்நானத்தை அப்போது வழங்கினார். கிளாரிந்தா என்னும் பெயர் நிலைத்தது.

கணவர் விட்டுச் சென்ற பொருளைக் கொண்டு அவர் தமக்கென ஒரு சுகவாழ்வு அமைத்துக்கொண்டிருக்கலாம். அவரோ அதனைப் பொதுநலத்துக்கே செலவிட்டார். ஹென்றி என்னும் சிறுவனை மகனாக வளர்த்தார். அவரைச் சுற்றி எளியோர் கூடினர். பல குலத்தாரும் ஒருங்கே அமர்ந்தனர். 1780-இல் எழுதப்பெற்ற சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் காணப்படுகின்றன. இச்சபைக்குப் போதகர் ஒருவர் வேண்டுமெனத் தஞ்சைக்கே சென்று கேட்டார். அங்கிருந்து அனுப்பப்பெற்ற சத்தியநாதன் என்னும் தமிழர், 1790-இல் குருப்பட்டம் பெற்றார். அம்மையாரின் முயற்சியால் எழுந்த கற்கோயிலைச் சுவார்ட்சு 1785-இல் பிரதிஷ்டை செய்தார்.

ஊரார் அக்கோயிலைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே அழைக்கலாயினர். குடிநீருக்காக அவர் தோண்டுவித்த கிணறும் பாப்பாத்தி கிணறு ஆயிற்று. எக்குலம் அவரைப் புறந்தள்ளிற்றோ, அக்குலப் பெயராலேயே ஊர் அவரை உரிமையுடன் போற்றியது என்னே விந்தை! மராத்தி தாய்மொழியாகவும், ஆங்கிலம் இல்லறம் தந்த மொழியாகவும் இருந்தும், அவர் தொண்டு தமிழரிடையே நிகழ்ந்தது.

அம்மையார் 1806-ஆம் ஆண்டளவில் மறைந்தார் என்பர். நம் அண்டையிலுள்ள செகந்திராபாத்துக்கு அப்பெயர் வழங்கலானதும் அவ்வாண்டே. பின்னர்ச் சென்னைப் படைகளுடன் எத்தனையோ தமிழ்ப் பெண்மணிகள் அப்பாளையத்துக்கு வந்து, மொழியறியா ஊரில் அடுப்பேற்றி, மக்களை வளர்த்தனர். அவர்தம் பெயர்கள் எப்பதிவேட்டிலும் இல்லை. கிளாரிந்தா அம்மையாரின் பெயரோ கல்லாலும் நீராலும் நிலைபெற்றது.

சென்ற ஊரில் நமக்கென ஒரு வீடு கட்டுவது இயல்பு. அவ்வூரார்க்கென ஒரு கிணறு தோண்டுவதே சிறப்பு. தெலுங்கு மண்ணில் வாழும் நாம், நம் சங்கத்தின் கதவைத் தமிழர்க்கு மட்டுமன்றி அண்டை வீட்டாருக்கும் திறந்து வைப்போமாக. அதுவே அம்மையார்க்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.