தாமிரபரணிக் கரையில் ஒரு வாத்தியார்

முதல் வருஷத்துல 'தமிழர் மரபு' பாடம் படிச்சிருப்பீங்க. சங்க இலக்கியம், திணைன்னு வர்ற பகுதியைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி புரட்டிட்டு, மறுநாளே மறந்தும் இருப்பீங்க. அந்தப் பாடல்கள்ல சிலவற்றைத் தேடி ஒரு கல்லூரி ஆசிரியர் நம்ம ஊருக்கே வந்து அலைஞ்சிருக்கார். அவர்தான் உ.வே.சாமிநாதையர்.

1880-ல், 25 வயசுல கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். படிச்சதை வச்சே காலத்தை ஓட்டியிருக்கலாம். அதே வருஷம் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இவர் படித்ததில்லை. அதற்கப்புறம் பகலில் கல்லூரி வகுப்பு. மற்ற நேரமெல்லாம் ஏட்டோடு போராட்டம். சமண சமயச் செய்தி புரியலைன்னா ஊரில் இருந்த சமணர்கள் வீட்டுக்கே போய், மாணவன் மாதிரி உட்கார்ந்து கேட்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது.

அடுத்தது பத்துப்பாட்டு. கிடைத்த பிரதிகளில் உரை இருந்தது, மூலம் தெளிவாக இல்லை. கல்லூரி வேலைக்கு நடுவே கிடைத்த நாட்களில் திருநெல்வேலிக்கு வந்தார். இங்கே கவிராஜ ஈசுவரமூர்த்திப் பிள்ளை வீட்டில் அடுக்கடுக்காக ஏடுகள் இருந்தன. பிறகு ஆழ்வார்திருநகரி. கட்டுக் கட்டாக அவிழ்த்துப் பார்த்தும் தேடியது கிடைக்கவில்லை. சோர்ந்து, வீதியுலா வந்த நம்மாழ்வாரிடம் முறையிட்டார். அன்று இரவே லட்சுமண கவிராயர், தன் மாமனார் வீட்டிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்து நீட்டினார். நிலா வெளிச்சத்தில் பிரித்தால், பத்துப்பாட்டு மூலம்! அங்கேயே முல்லைப்பாட்டைப் படித்துப் பார்த்தார். 1889-ல் பத்துப்பாட்டு புத்தகமானது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கலை. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெருப்பில் இட்டுவிட்டதாகக் கேட்டு மனம் நொந்துதான் திரும்பினார். கொஞ்சம் தாமதித்திருந்தால் இன்னும் எத்தனை போயிருக்குமோ!

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919 வரை பாடம் சொன்னார். 1942-ல் மறைந்தார். கல்லூரி சம்பளம் கொடுத்தது வகுப்பில் நின்ற நேரத்துக்கு. ராத்திரிக் கண்விழிப்பும் ரயில், மாட்டுவண்டிப் பயணமும் எந்த வருகைப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

நாளைக்கு வகுப்பு முடிந்ததும், உங்க ஆசிரியர் கையில் இருக்கிற அந்த ஒரு பக்கக் குறிப்பைத் தயாரிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு கேட்டுப் பாருங்களேன்.