பள்ளி ஏலம் போனது, பாட்டு நிலைத்தது

ஒரு காலத்தில் சங்கீதம் கற்பது எளிதல்ல. வித்வான் வீட்டில் தங்க வேண்டும். எடுபிடி வேலை செய்ய வேண்டும். அவர் மனம் இரங்கினால்தான் பாடம். தஞ்சையிலும் இதே கதைதான், மராட்டியத்திலும் இதே கதைதான். அந்தக் கதவைத் திறந்து விட்டவர் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர்.

பட்டாசு விபத்து

1872-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி குருந்த்வாட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஹரி கீர்த்தனம் செய்பவர். சிறு வயதில் முகத்துக்கு அருகே பட்டாசு வெடித்ததில் விஷ்ணுவின் கண் பார்வை கெட்டது. பள்ளிப் படிப்பு நின்றது. மிரஜ் நகரில் பாலகிருஷ்ணபுவா இசல்கரஞ்சிகரிடம் பாட்டுக் கற்கச் சேர்ந்தார். 1896 வரை அங்கே பயின்றார். பிறகு வடக்கே ஊர் ஊராகச் சென்று பாடினார்.

லாகூரில் பள்ளி

1901 மே 5-ந் தேதி, இன்று பாகிஸ்தானில் உள்ள லாகூரில் "கந்தர்வ மகாவித்யாலயா"வைத் தொடங்கினார். ராஜாவின் தயவில் அல்ல, பொதுமக்கள் தந்த பணத்தில் நடந்த பள்ளி அது. பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு. வாய்ப் பாடமாக மட்டும் இருந்த ராகங்களைச் சுரக் குறிப்போடு புத்தகமாக அச்சிட்டார். பாடுவதற்கு மட்டுமல்ல, பிறருக்குக் கற்றுக் கொடுக்கவும் மாணவர்களைப் பழக்கினார்.

1908-ல் பம்பாயிலும் பள்ளி திறந்தார். கட்டிடத்துக்காக வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1920-களில் கட்டிடம் ஏலத்துக்குப் போனது. வீட்டிலும் துயரம். பிறந்த 12 குழந்தைகளில் ஒரே மகன் தத்தாத்ரேயன்தான் தங்கினான். 1931 ஆகஸ்டு 21-ந் தேதி மிரஜில் பலுஸ்கர் காலமானார். மகனுக்கு அப்போது வயது 10.

புனேயில் தொடர்ச்சி

ஆனால் அவர் வளர்த்த மாணவர்களை யாரும் ஏலம் விட முடியவில்லை. அவர்களில் ஒருவரான விநாயக்ராவ் பட்வர்தன் 1932-ல் புனேயில் கந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கினார். குருவிடம் கற்றதைக் குருவின் மகனுக்கே கற்றுக் கொடுத்தார். 14-வது வயதில் ஜலந்தர் இசை விழாவில் பாடிய அந்தச் சிறுவன், டி.வி. பலுஸ்கர் என்று நாடு போற்றும் பாடகர் ஆனார். 1955-ல், 34-வது வயதில், அவரும் மறைந்தார்.

பாட்டுப் பரம்பரையில் பிறக்காத பிள்ளையும் மாலை வேளையில் சுருதிப் பெட்டி முன் உட்கார்ந்து கற்க முடிகிறது. அந்த ஆசான் விட்டுச் சென்ற சொத்து அதுவே.