பெல்ஜியத்துக்குச் சோறிட்டவர்

1931, 1932-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கையில் காசில்லாதவன் தன் கால்சட்டைப் பையை வெளியே இழுத்துத் தொங்கவிட்டால் அதற்கு ஹூவர் கொடி என்று பெயர். வீடிழந்தவன் இரவில் போர்த்திக் கொள்ளும் பழைய பத்திரிகைத் தாள், ஹூவர் கம்பளி. தகரமும் பெட்டிப் பலகையும் கொண்டு ஊருக்கு வெளியே முளைத்த குடிசைப் பகுதி, ஹூவர் பட்டணம். இத்தனைக்கும் பெயர் கொடுத்தவர் அப்போது வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியாக இருந்த ஹெர்பர்ட் ஹூவர். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்பு இதே பெயரை வாழ்த்தியபடி பசியாறிய குழந்தைகள் ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். வேடிக்கை என்பதைவிட வேதனை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

ஹூவர் 1874 ஆகஸ்டு 10-ந் தேதி அயோவா மாநிலத்தில் வெஸ்ட் பிராஞ்ச் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கொல்லுப் பட்டறை வைத்திருந்தவர். குடும்பம் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரம் இல்லாத வாழ்வும், கஷ்டப்படும் அண்டை வீட்டானுக்குக் கைகொடுப்பதும் அவர்கள் போற்றிய நெறிகள். ஆறு வயதில் தந்தையையும் ஒன்பது வயதில் தாயையும் இழந்த ஹூவரை உறவினர்கள்தான் எடுத்து வளர்த்தார்கள். ஏழை அனாதைப் பையன் ஒருவன், சர்க்கார் உதவி எதுவும் இல்லாமல், உற்றார் தயவிலும் தன் உழைப்பிலும் மேலே வந்தான். பிற்காலத்தில் ஜனாதிபதி ஹூவர் செய்ததற்கும் செய்ய மறுத்ததற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1891-ல் புதிதாகத் திறந்த ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் முதல் அணி மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்து மண்ணியல் படித்தார். முதல் வேலை தங்கச் சுரங்கத்தில் கல் வண்டி தள்ளுவது. பிறகு ஆஸ்திரேலியா, சீனா, பர்மா என்று சுரங்க எஞ்சினீயராக உலகைச் சுற்றினார். நாற்பது வயதுக்குள் பெரும் செல்வந்தராகிவிட்டார்.

1914-ல் யுத்தம் மூண்டபோது அவர் லண்டனில் இருந்தார். பெல்ஜியத்தை ஜெர்மன் படை பிடித்துக் கொண்டது. கடல் வழியைப் பிரிட்டிஷ் கப்பற்படை அடைத்துவிட்டது. உணவில் பெரும் பகுதியை வெளியிலிருந்து தருவித்து வந்த அந்தச் சிறிய நாட்டுக்குப் பட்டினியே கதி என்றாயிற்று. நிவாரணப் பொறுப்பை ஹூவர் ஏற்றார். பெர்லினுக்கும் லண்டனுக்கும் மாறி மாறிப் போய், ஒருவரை ஒருவர் கொன்று கொண்டிருந்த இரு தரப்பாரையும் தம் தானியக் கப்பல்களுக்கு வழிவிடச் செய்தார். பெல்ஜியத்திலும் வட பிரான்சிலுமாகச் சுமார் 90 லட்சம் பேர் அந்தக் கோதுமையால் உயிர் பிழைத்தார்கள். இதற்காக அவர் சம்பளம் வாங்கவில்லை.

1921-ல் ருஷ்யாவில் கொடும் பஞ்சம் வந்தது. போல்ஷ்விக் ஆட்சியை ஹூவர் அடியோடு வெறுத்தவர். இருந்தும் அங்கே உணவு அனுப்பினார். 1922 கோடையில் நாள்தோறும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் அவருடைய நிவாரண அமைப்பு அளித்த உணவை உண்டார்கள். அரசியலில் எதிரியான ஒரு தேசத்துக்கு இவ்வளவு செய்தவர் சரித்திரத்தில் அதிகம் பேர் இல்லை.

இப்படிப்பட்டவர் 1928 தேர்தலில் நின்றபோது வெற்றியைப் பற்றிச் சந்தேகமே இல்லை. 444 தேர்வாளர் வாக்குகள் அவருக்கு; எதிர்த்து நின்ற ஆல் ஸ்மித்துக்கு 87. 1929 மார்ச் 4-ல் பதவியேற்றார். எட்டு மாதம்கூட நிறையவில்லை. அக்டோபர் கடைசியில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது.

ஹூவர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார் என்று சொல்வது நியாயமல்ல. தொழிலதிபர்களை அழைத்துக் கூலியைக் குறைக்க வேண்டாமென்று கேட்டுக் கொண்டார். சாலை, கட்டட வேலைகளை விரைவுபடுத்தினார். ஆனால் 1930 ஜூனில் இறக்குமதித் தீர்வையை உயர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார நிபுணர்கள் வேண்டாமென்று மனு அனுப்பியிருந்தும் கேட்கவில்லை. மற்ற நாடுகளும் பதிலுக்குத் தீர்வையை ஏற்றின. உலக வியாபாரம் மேலும் சுருங்கியது.

அதே ஆண்டு தென் மாநிலங்களில் கடும் வறட்சி. விவசாயிகளுக்குக் கடன் தர அமெரிக்கக் காங்கிரஸ் சபை டிசம்பரில் 4.5 கோடி டாலர் ஒதுக்கியது. விதை வாங்கலாம், உரம் வாங்கலாம், மாட்டுக்குத் தீவனம் வாங்கலாம். மனிதனுக்கு ஆகாரம் வாங்க மட்டும் அதில் இடமில்லை. மனிதனுக்குச் சோறு போடுவது செஞ்சிலுவைச் சங்கமும் அக்கம்பக்கத்தாரும் செய்ய வேண்டிய தர்மம், மத்திய அரசாங்கம் அதில் இறங்கினால் ஜனங்களின் சுயமரியாதை கெட்டுவிடும் என்பது ஹூவரின் உறுதியான கருத்து. 1931 ஜனவரியில் ஆர்க்கன்ஸா மாநிலத்தில் இங்கிலாந்து என்றே பெயர் கொண்ட ஒரு சிற்றூரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் கடைத்தெருவில் திரண்டு சாப்பாடு கேட்டார்கள். கடைக்காரர்கள் தானியத்தை எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. ருஷ்யாவின் பசிக்கு மனமிரங்கியவர் சொந்த நாட்டு ஏழையின் பசிக்கு இரங்கவில்லையே என்று நாடு பேசத் தொடங்கியது அப்போதுதான்.

அவர் இரக்கமற்றவர் அல்ல. ஜனாதிபதி சம்பளத்தை அவர் தமக்கென்று வைத்துக் கொள்ளவில்லை, தானமாகவே கொடுத்தார். ஆனால் அது ஊருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், நாடு கஞ்சித் தொட்டி வரிசையில் நிற்கும்போது வெள்ளை மாளிகையில் அவர் விருந்துடை அணிந்து பல வகைப் பதார்த்தங்களுடன் உண்கிறார் என்பதே. அந்த வழக்கத்தை விட்டால் மக்கள் நம்பிக்கை இழப்பார்கள் என்று அவர் எண்ணினாராம்! மேடையில் உருக்கமாகப் பேசவும் அவருக்கு வராது.

1932 தொடக்கத்தில் வங்கிகளுக்கும் ரயில்வே கம்பெனிகளுக்கும் கடன் கொடுக்க அரசாங்க நிதி நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தினார். வங்கிக்குக் கைகொடுக்கும் அரசாங்கம் வயிற்றுக்கு ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் ஜனங்கள் ஏற்கும் பதில் இல்லை. ஜூலையில் மாநிலங்களுக்கு நிவாரணக் கடனாக 30 கோடி டாலர் வரை தரச் சம்மதித்தார். காலம் கடந்துவிட்டது.

அந்த மாதமே கடைசி அடி விழுந்தது. 1945-ல் கிடைக்க வேண்டிய போனஸை உடனே கேட்டு, யுத்தத்தில் பணியாற்றிய முன்னாள் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில், பலர் பெண்டு பிள்ளைகளுடன், வாஷிங்டனில் குடிசை போட்டிருந்தார்கள். செனட் சபை கோரிக்கையை நிராகரித்துவிட்டது. ஜூலை 28-ல் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு இருவர் சுடப்பட்டு இறந்தனர். ஹூவர் ராணுவத்தை அழைத்தார். ஆற்றைத் தாண்டிப் பிரதான முகாமுக்குப் போக வேண்டாமென்று அவர் அனுப்பிய உத்தரவைச் சேனாதிபதி மக்ஆர்தர் பொருட்படுத்தவில்லை. குதிரைப்படையும் டாங்கியும் கண்ணீர்ப் புகையும் முன்னே போக, முகாம் எரிந்தது. ஹூவர் பழியைச் சேனாதிபதி மீது போடாமல் தாமே ஏற்றார். அந்தப் பண்பைப் பாராட்ட அப்போது யாருக்கும் மனமில்லை.

நவம்பர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்கு 472 தேர்வாளர் வாக்குகள். ஹூவருக்கு 59. நாற்பத்தெட்டு மாநிலங்களில் ஆறு மட்டுமே அவர் பக்கம் நின்றன.

ரூஸ்வெல்ட் இருந்தவரை ஹூவர் ஒதுக்கப்பட்டே இருந்தார். 1945-ல் ட்ரூமன்தான் அவரை மீண்டும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு உலக உணவு நிலைமையைப் பார்த்து வரும்படி அனுப்பினார். எழுபத்தோரு வயதில் ஹூவர் விமானத்தில் நாடு நாடாகப் போனார். 1946 ஏப்ரலில் இந்தியாவுக்கும் வந்தார். மழை பொய்த்து, ஆளுக்கு நாளொன்றுக்கு 12 அவுன்ஸ் தானியம் என்று ரேஷன் குறைந்திருந்த வேளை அது. டில்லியிலிருந்து பெங்களூருக்கும் வந்து நிலைமையைக் கேட்டறிந்தார். அடுத்த ஆண்டு, தோற்றுக் கிடந்த ஜெர்மனியில் அவர் முயற்சியால் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு தொடங்கியது. அந்தச் சாப்பாட்டுக்கும் அங்கே அவர் பெயரையே வைத்தார்கள்.

1964 அக்டோபர் 20-ல் நியூயார்க்கில் தமது தொண்ணூறாவது வயதில் ஹூவர் காலமானார். பதவியை விட்ட பின் முப்பத்தோரு ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். தந்தையின் பட்டறை இருந்த வெஸ்ட் பிராஞ்சிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.