மந்தையைத் தேடிச் சென்ற மேய்ப்பர்
புனித யோசேப் வாஸ் அடிகளார்



யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறும், நன்கொடையாளர் பட்டியலும், பணியாற்றிய குருக்களின் பெயர் வரிசையும் இடம் பெறுவது வழக்கம். அவை இடம் பெற வேண்டியவையே. ஆனால் கோவிலும் குருமனையும் இல்லாமல் ஒருவர் பங்குக்குருவாக வாழ முடியுமா? முடியும் என்று வாழ்ந்து காட்டிய ஒருவரை இம்மலரில் உங்கள் கண்முன் நிறுத்த விரும்புகிறோம். அவர் நமது பாரதத் திருநாட்டவர். தூத்துக்குடியில் மரக்கலம் ஏறியவர். தமிழ் கற்றுத் தமிழ் மக்களுக்குப் பணியாற்றியவர். இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசேப் வாஸ் அடிகளாரே அவர்.

கோவாவில் பெனவுலிம் என்னும் ஊரில் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் அவர் பிறந்தார். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். சிறந்த மறையுரையாளர் என்றும், பாவசங்கீர்த்தனம் கேட்பதில் பொறுமை மிக்கவர் என்றும் பெயர் பெற்றார். கன்னடக் கரையில் சில ஆண்டுகள் உழைத்தார். பின்பு கோவாவில் கூடி வாழ்ந்த குருக்களின் சிறு குழுவில் 1685-ல் சேர்ந்து, அதன் தலைவருமானார். சொந்த ஊரிலேயே மதிப்போடு வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் கடலுக்கு அப்பாலிருந்து வந்த செய்தி அவரை இருக்க விடவில்லை.

1658-ல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குச் சென்றது. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கே திருப்பலி இல்லை, பாவமன்னிப்பு இல்லை, சாகிறவருக்கு அவஸ்தைப்பூசுதலும் இல்லை. ஆயினும் வீட்டு மூலையில் செபமாலை ஓயவில்லை. ஆயனில்லாத அந்த ஆடுகளை எண்ணி அடிகளார் கலங்கினார்.

1687-ல் யோவான் என்னும் ஊழியரைத் துணையாகக் கொண்டு, கூலியாள் வேடத்தில், வெறுங்காலுடன் தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். பூசைப் பொருட்கள் மூட்டைக்குள் மறைந்திருந்தன. போன இடத்தில் கடும் வயிற்றுக்கடுப்பு அவரைச் சாவின் விளிம்புக்கே கொண்டுபோயிற்று. தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்று பார்த்தார். அவ்வாறு ஒரு குடும்பம், பின்பு மறு குடும்பம் என்று சிதறிய மந்தையைக் கண்டுபிடித்தார். திருப்பலி நள்ளிரவில் நடக்கும். விடியுமுன் அவர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டிருப்பார்.

இதற்கு மக்கள் கொடுத்த விலையும் பெரிது. ஒரு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் ஒல்லாந்த வீரர்கள் புகுந்து, கூடியிருந்தோரைக் கைது செய்தனர். சிலர் துன்புறுத்தப்பட்டு உயிரையும் கொடுத்தனர். குருவைக் காட்டிக் கொடுக்க ஒருவரும் இசையவில்லை. அப்பெருமக்கள் இல்லையேல் யோசேப் வாஸ் என்னும் குருவானவரும் இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

பின்பு அவர் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியம் சென்றார். கண்டி என்ற பெயர் நம் மதுரைச் சீமைக்குப் புதிதன்று. பிற்காலத்தில் நம் பக்கத்து ஏழைகள் எத்தனையோ பேர் அங்கே தோட்ட வேலைக்குப் போனார்கள். அடிகளார் போன காலத்தில் காப்பித் தோட்டமும் இல்லை, தேயிலைத் தோட்டமும் இல்லை, காடும் மலையுந்தான். 1692-ல் போர்த்துக்கீசிய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டி அவரைச் சிறையில் அடைத்தார்கள். சிறையிலேயே சிங்களம் கற்றார். சிறு குடிசைக் கோவில் அமைத்தார். கடும் வறட்சியின்போது அவர் பீடம் அமைத்துச் செபிக்க, பெருமழை பெய்தது என்றும், பீடம் மட்டும் நனையவில்லை என்றும் அவரது வரலாறு கூறுகிறது. மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியர் அவருக்கு முழு விடுதலை அளித்தார்.

1697-ல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதி படைத்தோர் நகரை விட்டு நீங்கினர். பெற்ற பிள்ளையையும் தொட அஞ்சிய வேளை அது. அடிகளார் நோயாளிகளைத் தேடிச் சென்றார், குடிசை போட்டுக் கொடுத்தார், கஞ்சி ஊட்டினார், புண்ணைக் கழுவினார், இறந்தோரைத் தம் கையால் புதைத்தார். இவர் கத்தோலிக்கர், இவர் புத்த சமயத்தவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அத்தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குருவாக இருந்தார். பின்னரே கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்தனர். 1705-ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் ஞான நூல்கள் இயற்றினார். குரு இல்லாத நாட்களில் செபம் நடத்தவும், மறைக்கல்வி புகட்டவும், சாகிறவர் அருகில் நிற்கவும் ஊர்தோறும் பொதுநிலையினர் ஏற்படுத்தப்பட்டனர். நம் உபதேசியார்களின் பணியும் இத்தகையதே அல்லவா? ஆயர் பதவி தேடி வந்தபோது அடிகளார் அதனை ஏற்கவில்லை.

ஓயாத நடையும் உபவாசமும் உடலைத் தேய்த்தன. 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், தம் அறுபதாவது வயதில், கண்டியில் இறைவனடி சேர்ந்தார். பிற்காலத்தில் நேர்ந்த கலாபனையில் அவர் கோவில் அழிந்தது. அவர் கல்லறை எங்கே என்று இன்று எவரும் காட்ட இயலாது. ஆனால் மந்தை அழியவில்லை. 1995-ல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 சனவரி 14-ஆம் நாள் அதே கொழும்பு நகரில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார்.

இவ்வரலாற்றை எழுதும்போது நமக்கே வெட்கம் உண்டாகிறது. நோயாளி கிடக்கிறார் என்று ஆள் வந்தால் நாம் வண்டியில்தான் போகிறோம். அப்படியிருந்தும் மழை இரவுகளில் மனம் தயங்கியது உண்டு. பங்கு மக்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கி வேலை செய்யும் நம் குடும்பங்கள் பல ஞாயிறுகள் பூசை காணாமல் இருக்கின்றன. அவர்களைத் தேடிப் போவது யார்? குரு மட்டுமா?

கோவிலுக்கு வெள்ளையடித்து விட்டோம். கொடிமரத்துக்கு வண்ணம் தீட்டி விட்டோம். நன்று. ஆனால் வராத ஒருவரைத் தேடிச் சென்று கைப்பிடித்து அழைத்து வருவதே இந்த யூபிலிக்கு நாம் செய்யும் மெய்யான சிறப்பு. ஆண்டுதோறும் பொங்கலையொட்டி வரும் சனவரி 16-ஆம் நாள், மேய்ப்பரான இப்புனிதரை நினைந்து மன்றாடுவோமாக.

புனித யோசேப் வாஸ் அடிகளாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.