குத்தகை நிலத்தில் வளர்ந்த பெயர்

மரக்காணம் உப்பளங்களைக் கடந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வானூர் வட்டத்தில் இன்று உணவகம் தொடங்குவோர் சமையற்கட்டுக்கு முன்பே கார் நிறுத்துமிடத்தைக் கணக்கிடுகின்றனர். இந்தக் கணக்கை 1962இலேயே சென்னையில் போட்டவர் உட்லண்ட்ஸ் கே. கிருஷ்ண ராவ்.

1898இல் தென்கன்னடத்தின் கடந்தலே என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். 1920களில் சென்னைக்கு வந்து பிறர் சமையற்கட்டில் எடுபிடியாக உழைத்தார். பின்னர் ஜார்ஜ் டவுனில் ஆச்சாரப்பன் தெருவில் ஒரு சிறு உணவுக்கடையை ஏற்று நடத்தினார். அடுத்து மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் எழுந்தது. நிலம், உழைப்பு, மூலதனம் என்று பொருளியல் பாடநூல்கள் வரிசைப்படுத்தும் மூன்றில் அவரிடம் தொடக்கத்தில் இருந்தது நடுவிலுள்ளது மட்டுமே. நிலத்தின் குறையைக் குத்தகையால் நிரப்பினார்.

1938இல் இராயப்பேட்டையில் ‘உட்லண்ட்ஸ்’ என்று பெயரிடப்பட்டிருந்த பழைய மாளிகையைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் விடுதி தொடங்கினார். ஜமீன்களின் காலம் சாய்ந்துகொண்டிருந்த நாள்களில், பெரிய வீடுகள் உரியவர்களுக்குச் சுமையாகி வந்ததை அவர் கண்டுகொண்டார் என்றே தோன்றுகிறது. மாளிகை நிலையாகக் கைக்கு வரவில்லை. அதன் பெயர் வந்தது. 1952இல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் புதிய விடுதி அமைத்தபோது ‘நியூ உட்லண்ட்ஸ்’ என்று அப்பெயரையே சூட்டினார். பழைய இடத்தில் பின்னாளில் உட்லண்ட்ஸ் திரையரங்கம் வந்தது. ஒருவர் வீட்டின் பெயர் மற்றொருவரின் வணிகச் சொத்தாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பில் சொன்னதில்லை.

கதீட்ரல் சாலையின் டிரைவ்-இன் உணவகமும் குத்தகை நிலமே. அது அரசுக்குரிய தோட்டக்கலை நிலம். மரநிழலில் நிற்கும் காருக்கே தட்டில் தோசையும் காபியும் வந்தன. கார் இல்லாதோரும் திரண்டனர். மாணவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், எழுத்தாளர்கள் ஒரே காபியோடு மணிக்கணக்கில் அமர்ந்தனர். மேசைக்கு எத்தனை பேர் என்று எண்ணும் உணவகக் கணக்கில் இது நட்டம். ஆனால் விளம்பரச் செலவின்றி நகரத்தின் நாவில் பெயர் நிலைத்தது இவ்வாறுதான். நிலத்துக்குச் சந்தை விலை கொடுத்திருந்தால் இந்தத் தாராளம் சாத்தியமாகியிருக்குமா என்பது ஐயமே.

ராவ் 1990இல் மறைந்தார். குத்தகை வழக்குகளுக்குப் பின் 2008இல் டிரைவ்-இன் மூடப்பட்டு, நிலம் அரசிடம் திரும்பியது. 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மரங்கள் பல வெட்டப்படவில்லை. அவற்றின் நிழலில் மக்கள் இப்போது நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நடக்கிறார்கள்.