தலை கழற்றும் பறவைகளும் நான்கு சகோதரர்களும்

மேற்கு லண்டனின் சவுத்ஹோலுக்கு மரக்கறி வாங்கவோ சேலை எடுக்கவோ போகாத எம்மவர் குறைவு. அங்கே ஹேவ்லொக் வீதியருகே, கால்வாய்க் கரையில் முன்பு ஒரு மட்பாண்டச் சூளை இருந்தது. அதன் தலைவர் றொபேர்ட் வொலஸ் மார்ட்டின்.

1843இல் பிறந்த அவர், இளம் வயதில் பிரித்தானிய நாடாளுமன்றக் கட்டடத்தில் கல் செதுக்கியவர். கலைப் பள்ளியில் சிற்பம் பயின்றார். ஆனால் சிற்பத்தை மட்டும் நம்பி வயிறு நிறையவில்லை. 1873இல் தம்பிமாருடன் சேர்ந்து மட்பாண்டத் தொழில் தொடங்கினார். நான்கு ஆண்டுகளின் பின் சவுத்ஹோலில் கைவிடப்பட்ட சவர்க்காரத் தொழிற்சாலை ஒன்றுக்கு இடம் மாறினார்கள்.

வேலை நால்வருக்கும் பிரிந்தது. வோல்ட்டர் சக்கரத்தில் பாத்திரம் வனைந்தார். சூளையும் அவர் பொறுப்பு. எட்வின் மீன்களையும் பூக்களையும் தீட்டினார். சார்ள்ஸ் லண்டன் நகருக்குள் கடை நடத்தினார். அண்ணன் பறவைகள் செய்தார்.

அவை சாதாரணப் பறவைகள் அல்ல. கண்ணை இடுக்கி, மூக்கைத் தூக்கி, வழக்கறிஞர் போலவும் அரசியல்வாதி போலவும் எம்மை எடைபோடும் முகங்கள். தலையைக் கழற்றினால் உள்ளே புகையிலை வைக்கலாம். ஒவ்வொன்றும் கையால் உருவானது. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அண்ணனின் பெயரால் இன்றும் அவை வோலி பறவைகள்.

செய்வது இலகுவல்ல. உடல் உட்குழிவாக இருக்கவேண்டும். தடித்த மண்ணில் ஈரம் தங்கினால் சூளையில் வெடிக்கும். களிமண் காய்ந்து வெந்து முடியும்போது சுருங்கும். தலையும் உடலும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் பொருந்தாது. கொதிக்கும் சூளைக்குள் உப்பை வீசுவார்கள். அதன் ஆவி மண்ணோடு சேர்ந்து கண்ணாடி போன்ற பூச்சாகும். ஒருமுறை மூட்டிய சூளை பிசகினால் பல மாத உழைப்பு சாம்பல்.

கணக்கியல் படித்த நாம் இந்தக் குடும்பத்தின் பேரேட்டைப் பார்த்தால் தலையில் கைவைப்போம். உற்பத்தி குறைவு, சேதம் அதிகம். போதாக்குறைக்குச் சார்ள்ஸ் நல்ல துண்டுகளை விற்க மனமில்லாமல் கடைத் தரைப் பலகைகளுக்குக் கீழே ஒளித்துவைத்தார். 1903இல் கடை தீப்பற்றியது, ஒளித்தவையும் போயின. அந்த அடியிலிருந்து அவர் மனம் மீளவில்லை. 1910இல் அவரும், 1912இல் வோல்ட்டரும், 1915இல் எட்வினும் மறைந்தனர். தம்பிமார் மூவரையும் இழந்த அண்ணன் 1923 வரை வாழ்ந்தார்.

புலம்பெயர்ந்து கடை, உணவகம் என்று சகோதரங்களோடு தொழில் நடத்தும் எமக்கு இந்தக் கதை அந்நியமல்ல. யார் எவ்வளவு உழைத்தார் என்ற கேள்வியில் எத்தனை குடும்பங்கள் உடைந்ததை நாம் கண்டிருக்கிறோம். பங்கை எழுதிவைப்பது அவசியம். அதை நாம் எவருக்கும் சொல்வோம். ஆனால் எழுதமுடியாத பங்கும் ஒன்றுண்டு. பறவையின் முகம் அண்ணனின் கைவண்ணம். ஆயினும் அவர் பொறித்த கையொப்பத்தில் தன் பெயரோடு சகோதரர்கள் என்ற சொல்லையும் சேர்த்தார்.

இன்று அப்பறவைகள் ஏலத்தில் பல ஆயிரம் பவுண்களுக்குப் போகின்றன. வாங்குபவர் முதலில் தலையைக் கழற்றிப் பார்ப்பார். தலையிலும் உடலிலும் பெயரும் திகதியும் தனித்தனியே பொறித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் முழு விலை.